உன் பேரில் வந்த பார்சல்கள்

சவரி,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு ஒரு தரம் எழுந்து போய்விடுகிறேன். ஒரு தரம் உலையைப் பார்க்க, ஒரு தரம் கொடியில் துணி காய்ந்ததா என்று பார்க்க, ஒரு தரம் எதற்கு எழுந்தேன் என்றே தெரியாமல். அதனால் அலமாரியின் மேல்பலகையில் காகிதத்தை வைத்துக்கொண்டேன். மில்லுக்குக் கிளம்பிய உன் அப்பா பார்த்துவிட்டு, "இன்னா டீச்சரு, போர்டுல எழுதுற மாதிரி நின்னுகினு எழுதுற?" என்று கேட்டுவிட்டுப் போனார். நீ பாகூர் அத்தை வீட்டுக்குச் சொல்லிக்கொண்டு வரப் போய் நாலு நாள் ஆகிறது. நீ பிரான்சுக்குக் கிளம்ப இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. நீ பஸ் ஏறுவதற்கு முன்பே நேரில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. பாலர் பள்ளியில் நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கிற வாய், உன் முகத்தைப் பார்த்தால் மட்டும் ஒட்டிக்கொள்கிறது.

போன மாதம் பிரான்சிலிருந்து மாமாவின் கடிதம் வந்த அன்றே நான் பேசியிருக்க வேண்டும். அங்கே வீடு கட்டும் கம்பெனி நடத்துகிற ஒரு முதலாளியிடம் உன்னைப் பற்றிச் சொல்லி வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டதாக எழுதியிருந்தார். வெறும் வாயால் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து நீ அவருக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் வைத்திருந்தாராம். அவற்றை எடுத்துக்கொண்டுபோய் அந்த முதலாளிக்குப் பிரெஞ்சில் படித்துக் காட்டினாராம். ஆறு வயதிலிருந்து இந்தப் பையனுக்கு வீடு கட்டுவதுதான் உயிர், செங்கல், சன்னல், ஓடு தவிர வேறு ஒன்றும் கேட்டதே இல்லை என்று சொன்னாராம். அந்த ஆள் சிரித்துவிட்டு, "இவனை அனுப்பு" என்றாராம். உன் அப்பா வழியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி இருப்பதால் காகிதமெல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டது. பங்குச் சாமியார் பூசையிலேயே அறிவித்தார். ஊரே வந்து உன் முதுகில் தட்டிவிட்டுப் போனது. நீ மட்டும் என்னைப் பார்த்து, "சரிம்மா" என்றாய். பிறகு கைகழுவப் போகிற வழியில், "மாமாவுக்கு நீயே எழுதிடும்மா, வரேன்னு. என் கையெழுத்துதான் உனுக்கு வருமே" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுத் தூங்கியிருப்பேன்.

உனக்கு நினைவிருக்கிற அளவு எனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். என் அண்ணன், உன் மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போனவர். நம் ஊரில் இன்றைக்கும் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, பட்டாளத்துக்காரனுக்குப் பிரெஞ்சில் சொல்கிற "சொல்தா" என்றால்தான் தெரியும். நீ ஆறு வயதில் இருக்கும்போது அவரிடமிருந்து முதல் பார்சல் வந்தது. மேலே உன் பெயர். உள்ளே ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக்கில் குட்டிச் செங்கற்கள், சிவப்பும் வெள்ளையும், ஒவ்வொன்றின் தலையிலும் வரிசையாகக் குமிழ்கள். நீ சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாய். "இரு, அம்மா எப்படின்னு காட்டுறேன்" என்று ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினேன். டக் என்று பிடித்துக்கொண்டது. இழுத்தால் வந்தது, வைத்தால் பிடித்தது. இன்னொன்று காட்டுகிறேன் என்றேன். பிறகு இன்னொன்று. ஒரு சுவர் எழும்பி, சன்னல் வைத்து, நிமிர்ந்து பார்த்தால் உன்னைக் காணோம். தெருவில் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தாய். நீ போனது எனக்கு நிம்மதியாக இருந்தது, சவரி. பெற்றவள் எழுதக் கூடாத வாக்கியம்தான். ஆனாலும் அதுதான் உண்மை.

ஏன் அப்படி என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். பள்ளியில் நாள் முழுக்கக் கிழிந்த சிலேட்டுப் பை, உடைந்த பொம்மை, மூக்கு ஒழுகும் முகம். வீட்டுக்கு வந்தால் வைத்த பாத்திரம் வைத்த இடத்தில் இருக்காது. எனக்கென்று ஒரு பொருளை வைத்து, அது மறுநாளும் அப்படியே இருந்து நான் பார்த்ததில்லை. அந்தச் செங்கற்கள் இருந்தன. நிறம் நிறமாகப் பிரித்து பிஸ்கட் டப்பாக்களில் போட்டேன். சனிக்கிழமை மத்தியானம் சோப்புத் தண்ணீரில் கழுவி, முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்தேன். பக்கத்து வீட்டு மரியம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, செவப்பா கீது, வடகமா?" என்று கேட்டாள். "இல்லக்கா, பையனோடது, அழுக்கு பண்ணிட்டான்" என்றேன். நான் சொன்ன முதல் பொய் அதுதான். உன் அப்பாவும் அவர் சினேகிதர்களும் ஞாயிறு முழுக்க மரத்தடியில் சீட்டாடுவார்கள், அதற்கு யாரும் யாருடைய பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை பொம்மை வீடு கட்டுகிறாள் என்றால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து உன்னை முன்னால் நிறுத்தினேன்.

ஒரு பெட்டியோடு ஆசை அடங்கியிருந்தால் இந்தக் கடிதம் வேண்டியிருக்காது. கூரைக்குத் துண்டு போதவில்லை. அதனால் உன்னை உட்காரவைத்து, "அன்புள்ள மாமா, நான் நன்றாகப் படிக்கிறேன், எனக்குச் சாய்வான சிவப்பு ஓடுகள் அனுப்பவும்" என்று சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். வருஷம் தவறாமல் பார்சல் வந்தது. உன் பிரான்சு அத்தை காபிப் பொட்டலத்தில் இலவசமாக வரும் குட்டி ஆட்களையும் சேர்த்துச் சேர்த்து அனுப்பினாள். விரல் உயரத்துக்கு ஒரு தபால்காரன், ரொட்டிக்காரன், குடை பிடித்த கன்னியாஸ்திரீ, வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரன். ஒவ்வொருவருக்கும் நான் பெயர் வைத்தேன். தெரு வைத்தேன். யார் வீட்டுக்கு யார் சொந்தம் என்றுகூட முடிவு பண்ணிவைத்திருந்தேன். நம் வீட்டு ஓட்டில் மூன்று இடத்தில் ஒழுகும். உன் அப்பா அண்டா, குண்டான், வாளி என்று வைத்துக்கொண்டே, "உங்கம்மா கட்டுன பன்னெண்டு வூட்ல ஒண்ணாவது ஒழுவுதா பாரு, நம்பளையும் அதுல குடி வெக்கச் சொல்லுடா" என்பார். நீ சிரிப்பாய். நானும் சிரித்துக்கொண்டு பெட்டிகள் நனையாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போவேன்.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எழுதிய கடிதத்தின் ஓரத்தில், நான் சொல்லாத ஒரு வார்த்தையை எறும்பு மாதிரி பொடியாக எழுதியிருந்தாய். "பந்து." அவ்வளவுதான், முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மடிக்கும்போது பார்த்துவிட்டேன். கோடிவீட்டுப் பையன்கள் துணியைச் சுற்றிக் கட்டிய பந்தை உதைத்துக்கொண்டிருந்த காலம் அது, நீயும் அதில்தான் கிடந்தாய். "எடம் ஒண்ணுதான்டா பெட்டியில, பந்து வெச்சா மத்தது எப்பிடி வரும்?" என்று சொல்லி ரப்பரால் அழித்தேன். காகிதம் கிழிந்தது. புதுத் தாளில் முழுக்கத் திரும்ப எழுதச் சொன்னேன். "சரிம்மா" என்றாய். போன மாதம் நீ சொன்ன "சரிம்மா" அதே குரலில் இருந்தது. பதினோரு வருஷம் கழித்தும் குரல் உடைந்து ஆம்பிளைக் குரலான பிறகும் அதே மாதிரி இருந்தது.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு முறை தெரு முனைவரை நடந்துவிட்டு வந்தேன். முதல் பார்சல் வந்த கொஞ்ச நாளில் நீ ஒரு துண்டை விழுங்கிவிட்டாய். நான் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தேன். நீ பெட்டியருகில் இருந்தாய், கன்னம் உப்பியிருந்தது, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "இன்னாடா?" என்று அதட்டினேன். முழுங்கிவிட்டாய். "செங்கல்லும்மா" என்றாய். அப்போது நான் உன் முதுகைத் தட்டவில்லை. தூக்கவில்லை. "எது? எந்தத் துண்டு?" என்று கேட்டுவிட்டு, பெட்டிப் பக்கம் திரும்பி எதைக் காணோம் என்று தேடினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பூசையில் ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும். அதற்குப் பிறகுதான் உன்னை இடுப்பில் போட்டுக்கொண்டு ஓடினேன். வில்லியனூர் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "வாழப்பழம் குடும்மா, தானா வந்துரும்" என்றார். மூன்றாம் நாள் வந்தது. அதையும் கழுவி டப்பாவில் போட்டேன். சமையற்கட்டில் உன் அப்பா, "ஏன்டா அதப் போயி வாயில போட்ட?" என்று கேட்க, "அம்மா வர சத்தம் கேட்டுச்சி, ஒளிச்சி வெச்சேன்" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. உன் பேருக்கு வந்த பொருளை என்னிடமிருந்து வாயில் ஒளித்துவைத்திருக்கிறாய். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை, மரத்துப்போன கட்டை நான்.

பிறகு கிறிஸ்துமஸ் குடில்கள். எல்லார் வீட்டிலும் வைக்கோல் கூரை, களிமண் மாடு. நம் வீட்டில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பிரான்சுக்காரன் சன்னல் வைத்த மாடிவீடுகள், தெரு, போலீஸ்காரன். நெட்டப்பாக்கத்திலிருந்துகூடப் பார்க்க வந்தார்கள். சாமியார் குனிந்து பார்த்து, "பெத்லகேம்ல தபாலாபீசு இருந்துச்சா டீச்சர்?" என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள். யாரோ, "உங்க பையன் கட்டுனதா?" என்றார்கள். "ஆமாம்" என்றேன். உன்னைத் தோளில் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினேன். சாமியார் உன் தலையில் கைவைத்து, "சின்ன மேஸ்திரி" என்றார். அந்தப் பெயர் உன்னோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் உன்னை அப்படிக் கூப்பிட்டுக் கரணையும் மட்டப்பலகையும் எங்கே என்று கேலி செய்வார்கள் என்று மரியம்மா மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ ஒரு நாளும் வீட்டில் வந்து சொல்லவில்லை. உண்மையில் அந்தக் குடிலில் நீ வைத்தது ஒன்றே ஒன்று, குழந்தை இயேசுவின் அடியில் வைக்கோல். மிச்சத்தை நான் தொடவிட்டதில்லை. பன்னிரண்டு வயதுக்கு மேல் நீ கடிதம் எழுத உட்கார மறுத்துவிட்டாய். நானே உன் எழுத்தைப் போல, உன் சுழித்த "ண"வோடு எழுதப் பழகிக்கொண்டேன். பத்தொன்பது வயதில் "உன் அன்பு மருமகன் சவரி" என்று கையெழுத்துப் போட்டது நான். அந்த மருமகனைத்தான் மாமா வேலைக்கு வைத்திருக்கிறார். அப்படி ஒரு பிள்ளை கிடையாது.

போன வெள்ளிக்கிழமை நீ பஸ் ஏறியதும் ஒரு காகிதத்தை எடுத்து உனக்குப் பிடித்தவை என்று எழுத ஆரம்பித்தேன். கருவாட்டுக் குழம்பு பிடிக்கும். தலைக்கு எண்ணெய் வைத்தால் பிடிக்காது. அதற்கு மேல் ஓடவில்லை. தபால்காரப் பொம்மையின் தொப்பி எந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். நீ இரண்டு வருஷமாக மதகடிப்பட்டில் அந்த டிராக்டர் ரிப்பேர் கடையில் போய் நாளெல்லாம் கிடக்கிறாயே, இஞ்சின் மேல் ஆசையா, அந்தக் கடைக்காரர் சினேகமா, இல்லை வீட்டில் இருக்கப் பிடிக்காமலா என்று எனக்குத் தெரியாது. கையில் கிரீசோடு வருவாய், நான் அலமாரிப் பக்கம் போகாதே என்பேன். நான் உன்னிடம் அதிகம் சொன்ன வார்த்தையே "தொடாதே"தான் என்று நினைக்கிறேன்.

முந்தாநாள் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பெரிய அதிர்ச்சி ஆகும் என்று பார்த்தால், அவர் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு, "அவன் கையில அந்த செங்கல்ல ஒரு நாளாவது பாத்துருந்தா ஏன்டி நான் கிண்டல் பண்ணப்போறேன்? இது தெரியாத வூடா இது?" என்றார். அப்படியானால் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று பாய்ந்தேன். "நீ அது முன்னால உக்காந்தாதான் ஒன் மூஞ்சியில சிரிப்பு வரும். கெடுப்பானேன்?" என்றார். நான் அழுதேன். அவர் பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு, "அதுக்காக இப்ப போயி ஒங்கண்ணன்கிட்ட சொல்லிக்கில்லித் தொலைக்காத. போனா பொழப்பு. அவனவன் இதுக்குத் தவம் கெடக்குறான். கட்டட வேலை இன்னா பாவமா? கத்துக்குவான்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதையும் உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். நம் பங்கில் இப்படி ஒரு கடிதம் வராதா என்று காத்துக்கிடக்கிற வீடுகள் இருக்கின்றன. நீயே உள்ளுக்குள் போகத்தான் ஆசைப்படுகிறாயோ என்னவோ. இந்த அலமாரியை விட்டு ஓடினால் போதும் என்றுகூட இருக்கலாம்.

ஆனாலும் என்னால் இருக்க முடியவில்லை. நேற்று மாமாவுக்கு எழுதினேன். முதல் தடவையாக என் கையெழுத்தில், என் பெயரில். "அண்ணே, இவ்வளவு வருஷமாகக் கேட்டது நான். கட்டினது நான். எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது, இன்னும் விளையாடுகிறேன். பையன் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு பந்து, அதையும் நான் அழித்துவிட்டேன். அவனை வேலைக்கு வைத்தால் அவனைத் தெரிந்து வை, என் கடிதத்தைப் படித்து வைக்காதே" என்று எழுதியிருக்கிறேன். இன்று காலை வில்லியனூர் போய்ப் பெட்டியில் போட்டேன். திரும்ப எடுக்க முடியுமா என்று பெட்டி வாயில் விரலைக்கூட விட்டுப் பார்த்தேன், அசிங்கம். கடைசியில் தபால்காரர் வந்து அள்ளிப் பையில் போட்டுச் சைக்கிள் ஏறும்வரை அங்கேயே நின்றேன். "இன்னாம்மா, அவசர லெட்டரா?" என்று கேட்டார். "இல்லீங்க, லேட்டான லெட்டரு" என்றேன்.

இனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. மாமா கோபித்துக்கொள்வார், அத்தை அங்கே சிரிப்பாள். அந்த முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். இல்லை, வரட்டும் பார்க்கலாம் என்றும் சொல்லலாம். ஊருக்கு நான்தான் பதில் சொல்லுவேன், நீ சொல்ல வேண்டாம். அந்தப் பொம்மை ஊரையெல்லாம் உடைத்துத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உடைக்கவில்லை. இந்தக் கடிதத்தின் நடுவில்கூட ஒரு தரம் போய், சாய்ந்திருந்த ரொட்டிக்காரனை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன். எனக்கு அது பிடித்திருக்கிறது, சவரி. விட மாட்டேன். கேட்கிறவர்களிடம் இனிமேல் என்னுடையது என்று சொல்லிக்கொள்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மரியம்மாவிடம் இன்று காலையே சொல்லியாகிவிட்டது. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, எனுக்கும் ஒண்ணு காட்டுடி" என்றாள். இதை வைத்து உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே ஒன்றுதான். எதற்கு வேண்டுமானாலும் ஆசைப்படு, எந்த வயதிலும் ஆசைப்படு, யாருக்கும் தீங்கில்லாத ஆசைக்கு வெட்கப்படாதே. ஆனால் அதை உன் மனைவியின் பெயரிலோ பிள்ளையின் பெயரிலோ கேட்காதே. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, நான் செய்ததை நீ செய்தால் எந்தச் சாமியாரிடம் போய் நான் பாவசங்கீர்த்தனம் பண்ணுவேன்?

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதம் போதாது. கேட்டால் நீ உடனே "சரிம்மா" என்று சொல்லிவிடுவாய், அதனால் இப்போது கேட்கவும் மாட்டேன். இது வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். ஞாயிறு பூசை முடிந்ததும் நான் பாகூருக்குப் பஸ் ஏறுகிறேன். அத்தை கோழி அடிக்க வேண்டாம், சொல்லிவை. உனக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று கடல் தாண்டி வருஷா வருஷம் எழுதினேனே தவிர, பக்கத்தில் படுத்திருந்த உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. வந்து அதைக் கேட்கப்போகிறேன். யோசிக்க உனக்கு இரண்டு நாள் இருக்கட்டும் என்று இப்போதே கேட்டுவைக்கிறேன். போகிறேன் என்றாலும் சரி, போகவில்லை என்றாலும் சரி, நான் நினைத்தே பார்க்காத வேறு ஏதாவது என்றாலும் சரி, குறுக்கே பேசாமல் கேட்பேன்.

உனுக்கு இன்னாடா வேணும்?

அம்மா